நாகப்பட்டினத்து வாயிலும் எவன்டன் சிற்றூரும்

பேரரசர் வரலாற்றை எழுதுவார் பலர். சிற்றூர் வரலாற்றை எழுதுவார் மிகச் சிலர். அரசர் பெயர் கல்லிலும் செம்பிலும் நின்று நிலவும். ஏர் பிடித்தான் பெயரும் ஆடு மேய்த்தான் பெயரும் அவன் மக்கள் வாயில் இரண்டு தலைமுறை வழங்கிப் பின்னர் மறைந்தொழியும். ஆயினும் ஒரு நாட்டின் மெய்யான வரலாறு அதன் ஊர்களிலேயே பொதிந்து கிடக்கின்றது என்பது எமது துணிபு. இக்கருத்தை இவ்விதழ் வாயிலாகப் பன்முறை வற்புறுத்தி வந்துள்ளோம். நம் சங்கத்து அன்பர்கள் தத்தம் ஊர்ச் செய்திகளைத் திரட்டி எழுதுதல் வேண்டுமென்றும் வேண்டியிருக்கின்றோம். இம்முறை நம் நாட்டு ஊரை விடுத்து, கடல் பல கடந்த ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுகின்றோம். அதற்குக் காரணமும் உண்டு.

நம் சங்கத்து மூத்த உறுப்பினர் ஒருவருடைய மைந்தர் தொழிலின் பொருட்டு ஸ்காத்லாந்து நாட்டிற்குச் சென்றிருக்கின்றார். அவர் சில திங்களுக்கு முன் தம் தந்தையார்க்கு ஓர் ஒளிப்படம் அனுப்பியிருந்தார். பனி படர்ந்த ஒரு குன்றின் உச்சியில், ஊரும் வீடும் இல்லாத வெளியில், கருங்கல்லாற் கட்டிய வாயில் ஒன்று தனித்து நிற்கின்றது. நடுவே மூன்று வளைவுகள். இருமருங்கும் தனித்து நிற்கும் தூண்கள். அதனூடு நுழைந்து செல்வதற்கு அப்பால் அரண்மனையும் இல்லை, கோயிலும் இல்லை, வானமே உண்டு. படத்தின்கீழ் அம்மைந்தர் எழுதியிருந்தது இது: "இவ்வூரார் இதனை நாகப்பட்டினத்து வாயில் என்கின்றனர். நம் நாகப்பட்டினந்தானா? அப்படியொரு வாயில் அங்கே உண்டா? பண்டிதர் ஐயாவைக் கேட்டு எழுதுங்கள்."

இவ்வினா எம்மை இரண்டு திங்கள் உறங்கவொட்டாமற் செய்தது. நாகைக்கு நேரிற் சென்றும் பார்த்தோம். காயாரோகணர் திருக்கோயிலை வலம் வந்து, கடற்கரை வரையில் நடந்து, முதியோர் சிலரை வினவினோம். அத்தகைய வாயில் ஒன்றும் எம் கண்ணிற் படவில்லை. ஒல்லாந்தர் கட்டிய கோட்டை இருந்ததென்பர். அதன் வாயிலைக் கண்டவர் எவருமிலர். இங்கே அழிந்ததன் உருவம் ஐயாயிரங் கல் தொலைவுக்கப்பால் ஒரு மலையுச்சியில் நிற்பது எங்ஙனம்? அதனை ஆராயப் புகுந்த விடத்து எமக்குக் கிடைத்தது ஒரு வாயிலின் வரலாறு மட்டுமன்று. ஒரு குலத்தின் வரலாறு, ஒரு நிலத்தின் வரலாறு, சில ஏழை மக்களின் வரலாறு. அதனையே ஈண்டு உரைக்கின்றோம்.

ஊரும் நிலமும்

ஸ்காத்லாந்தின் வடபால் மலையும் கழியும் ஏரியும் விரவிய பெருநிலப்பரப்பு ஒன்று உண்டு. அதனை ஹைலாந்து என்பர். மேட்டுநிலம் என்பது பொருள். நம் புலவர்கள் வகுத்த திணைப்படி அதனைக் குறிஞ்சியும் முல்லையும் நெய்தலும் மயங்கிய நிலம் எனலாம். அங்கு இன்வர்னஸ் என்னும் நகருக்கு வடக்கே, குரோமார்டி எனப்படும் கடற்கழியை அடுத்து எவன்டன் என்னும் சிற்றூர் உள்ளது. ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழும் ஊர் அது. அதன் வடபுறம் ஒரு மலையாறும் தென்புறம் ஒரு மலையாறும் ஓடுகின்றன. வடக்கிலுள்ளது ஆல்ட் கிராட் என்பது. 'அஞ்சத்தக்க ஓடை' என அவர்தம் கேலிக்கு மொழியிற் பொருள் கூறுவர். பெயருக்கேற்ப அவ்வோடை பாறையை அறுத்துக்கொண்டு நூறடிக்கு மேற்பட்ட ஆழத்தில் ஓடுகின்றது. மேலிருந்து பார்ப்பின் கீழே இருள் தோன்றும். நீரின் ஓசை மட்டும் கேட்கும். மேலே இரு கரையும் நெருங்கி, துணிந்தவன் தாண்டிவிடலாம் போலத் தோன்றும் இடங்களும் உண்டு. பால்கனி என்னும் இடத்துச் சீமாட்டி ஒருத்தி இப்பிளவினுள் அழைத்துச் செல்லப்பட்டு மீளாதொழிந்தாள் என்னும் கதை அவ்வூர்ப் பாட்டிமார் சொல்லி வந்தது.

இவ்வூர் அடங்கிய வட்டாரத்திற்குக் கில்டேர்ன் என்று பெயர். ஆண்டவன் கோயில் என்பது அதன் பொருள். பழங்கோயிலின் இடிபாடு கடற்கழிக் கரையில் இன்றும் உள்ளது. மேற்கே பென் விவிஸ் என்னும் மலை ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்து, ஆண்டின் பெரும்பகுதி பனி சூடி நிற்கும். அதன் அடிவாரத்து நிலம் நெடுங்காலமாக மன்றோ என்னும் குலத்தாரின் ஆட்சியில் இருந்தது. அக்குலத்தின் தலைமைக்குடி பவுலிஸ் கோட்டையில் வாழ்ந்தது. அரசன் கேட்குங்கால், நடுக்கோடையில் ஒரு பனி உருண்டையைக் கொண்டு வந்து கொடுப்பதே அந்நிலத்துக்கு அவர் செலுத்தவேண்டிய திறை என்பது கன்னபரம்பரை வழக்கு. கோடையிலும் பென் விவிஸின் மறைவிடங்களிற் பனி கிடைக்கும் ஆதலின், இத்திறை அவர்க்கு எளிதாயிற்று. நிலத்தை ஆண்ட குலத்தலைவன் மேலோனுக்குக் கொடுத்தது ஒரு பனி உருண்டை. நிலத்தை உழுதவன் குலத்தலைவனுக்குக் கொடுத்தது தானியம், மாடு, உழைப்பு, வேண்டும்போது தன் உயிர்.

குலம் என்னும் சொல்

ஈண்டு குலம் என்று யாம் குறிப்பதனை அவர் 'கிளான்' என்பர். அச்சொல் கேலிக்கு மொழியில் 'பிள்ளைகள்' என்னும் பொருளது. தலைவன் தந்தை, குடிகள் அவன் பிள்ளைகள். ஒரே பெயர் தாங்கியவர் அனைவரும் ஒரே முன்னோனின் வழியினர் என்பது அவர் நம்பிக்கை. நிலம் சட்டப்படி தலைவன் பெயரில் இருந்ததாயினும், தலைமுறை தலைமுறையாகத் தாம் இருந்து உழுத மண்ணில் தமக்கும் ஓர் உரிமை உண்டென்று குடிகள் கருதினர். அதனைத் 'தூகஸ்' என்றனர். நம் நாட்டிற் காணி என்றும், அடிமனை உரிமை என்றும் வழங்குவதை ஒருவாறு இதனோடு ஒப்பிடலாம். ஆனால் இஃது ஏட்டில் எழுதப்படாத உரிமை. நீதிமன்றம் ஏறினால் அதற்கு ஒரு சான்றும் இராது.

அம்மக்கள் வாழ்க்கை எளிமையானது. பள்ளத்தாக்கில் சிறு சிறு கூரை வீடுகள். சுற்றிலும் வாற்கோதுமையும் ஓட்சும் விளையும் துண்டு நிலங்கள். செல்வம் என்பது கரிய மாடுகளே. கோடையில் பெண்டிரும் பிள்ளைகளும் மாடுகளை ஓட்டிக்கொண்டு மலைமேற் சென்று, ஆங்குள்ள குடில்களில் தங்கி, வெண்ணெயும் பாற்கட்டியும் செய்வர். இலையுதிர் காலத்தில் மாடுகளைத் தெற்கேயுள்ள சந்தைகளுக்கு ஓட்டிச் சென்று விற்று, அப்பணத்தாற் குத்தகை இறுப்பர். மலைமேய்ச்சல் இல்லையேல் மாடு இல்லை. மாடு இல்லையேல் குத்தகை இல்லை. குத்தகை இல்லையேல் வீடு இல்லை. இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம்.

1746ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் கல்லோடன் வெளியில் நடந்த போரோடு ஹைலாந்துக் குலங்களின் படைவலிமை ஒடுங்கிற்று. மறு ஆண்டிலேயே தலைவர்கள் தம் குடிகளை விசாரித்துத் தண்டிக்கும் பரம்பரை அதிகாரமும் சட்டத்தால் நீக்கப்பட்டது. மன்றோ குலத்தார் அரசின் பக்கமே நின்றவர். எனினும் காலமாற்றம் அவரையும் விடவில்லை. அதற்குமுன் தலைவனுக்கு ஆள்வலிமையே பெருமை; பின்னர்ப் பணவலிமையே பெருமையாயிற்று. பணம் தேடிப் பிள்ளைகள் படையிற் சேர்ந்து கீழ்த்திசைக்குக் கப்பல் ஏறினர். அவ்வாறு ஏறியவருள் ஒருவரே நம் கதைக்கு உரியவர்.

ஹெக்டர் மன்றோ

மன்றோ என்றவுடன் சென்னையில் குதிரைமீது சிலையாய் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோ துரையை நம்மவர் நினைப்பர். அவர் வேறு, இவர் வேறு. இவர் ஹெக்டர் மன்றோ, எவன்டன் அருகேயுள்ள நோவார் பண்ணைக்கு உடையவர், 1726இற் பிறந்தவர். 1764ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் பக்ஸார் போரில் வென்று, வங்காளத்தில் ஆங்கிலக் கும்பினியின் ஆட்சிக்குக் கால்கோள் செய்தவர் இவரே. அதற்கு முன்னர், கட்டளை மீறிய இந்தியச் சிப்பாய்கள் இருபதின்மருக்கு மேற்பட்டோரைப் பீரங்கி வாயிற் கட்டிச் சுட்டுக் கொல்வித்தவரும் இவரே. ஊர் திரும்பிப் பாராளுமன்ற உறுப்பினராகி, மீண்டும் சென்னைப் படைக்குத் தலைவராய் வந்தார். 1778இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து புதுச்சேரியைக் கைப்பற்றினார்.

ஆயினும் நம் தொண்டை நாட்டு மண் அவருக்கு இகழையும் தேடித் தந்தது. 1780ஆம் ஆண்டு ஐதர் அலி பெரும்படையோடு கருநாடகச் சமவெளியில் இறங்கினார். ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்திற் பாசறை இறங்கியிருந்தார். அவரோடு வந்து சேரவேண்டிய படைப்பிரிவு ஒன்று கர்னல் பெய்லி என்பவர் தலைமையில் வந்துகொண்டிருந்தது. செப்டம்பர் 10ஆம் நாள் புள்ளலூரில் அப்படை வளைக்கப்பட்டு அழிந்தது. பெய்லி சிறைப்பட்டு, ஸ்ரீரங்கப்பட்டினத்தில் 1782இல் இறந்தார். அவரும் இன்வர்னஸ் பக்கத்தவரே. சில கல் தொலைவிலிருந்தும் உற்ற நேரத்திற் சென்று உதவாத மன்றோ, தம் கனத்த பீரங்கிகளைக் காஞ்சிக் கோயிற் குளத்தில் அமிழ்த்திவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். பல்லவரும் சளுக்கரும் பொருத அதே புள்ளலூரில், ஆயிரத்து நூற்றாண்டுக்கப்பால், இன்வர்னஸ் நாட்டான் ஒருவன் வீழ்ந்தான். மற்றொருவன் பழி சுமந்தான். அன்று அப்படையில் இளைஞராய் இருந்தவர் பின்னாளிற் சென்னைக் கவர்னரான தாமஸ் மன்றோ என்பதும் அறியத்தக்கது.

அப்பழியைத் துடைக்கும் வாய்ப்பு மறு ஆண்டில் நாகையில் வந்தது. நாகப்பட்டினம் இராசராச சோழன் காலத்திலேயே கடாரத்து அரசர் சூடாமணி விகாரம் எடுத்த துறை. அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் நிவந்தமாக விடப்பட்ட செய்தி, லெய்டன் நகருக்குச் சென்ற செப்பேடுகளால் தெரிய வருகின்றது. பின்னர்ப் போர்த்துக்கீசியர் அங்கே கொத்தளம் கட்டினர். 1658இல் ஒல்லாந்தர் அதனைக் கவர்ந்து, 1690 முதல் சோழமண்டலக் கரைக்குத் தம் தலைமையிடமாக்கிக்கொண்டனர். இங்கிலாந்துக்கும் ஒல்லாந்துக்கும் போர் மூளவே, கடலில் எட்வர்டு ஹியூஸ் என்னும் கப்பற்படைத் தலைவரும், கரையில் ஹெக்டர் மன்றோவும் நாகையை முற்றுகையிட்டனர். 1781 அக்டோபர் 21இல் தொடங்கிய முற்றுகை நவம்பர் இரண்டாம் வாரத்திற் கோட்டை பணிந்ததோடு முடிந்தது. 1784ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் நாகை ஆங்கிலேயர்க்கே நிலைத்தது. நாகை மக்களை இதுபற்றி எவரும் கேட்டிலர். கடலிற் சென்று வலை வீசினவர் அன்றும் சென்று வலை வீசினர். கோட்டைமேற் பறந்த கொடி மாறிற்று.

குன்றின்மேல் வாயில்

ஹெக்டர் மன்றோ பெரும்பொருளோடு நோவாருக்குத் திரும்பினார். நிலத்தைத் திருத்தினார், மரங்களை நட்டார், மாளிகையை விரிவாக்கினார். எவன்டனுக்கு வடக்கே பைரிஷ் என்னும் குன்று 453 மீட்டர் உயரம் உடையது. அதன் உச்சியில், தாம் வென்ற நாகைக் கோட்டை வாயிலின் உருவத்தை எழுப்பச் செய்தார். அஃது எழுந்தது 1782ஆம் ஆண்டு என்பர். அவ்வாண்டில் அந்நாட்டில் விளைவு பொய்த்து மக்கள் பஞ்சத்தால் வருந்தினர். வேலையற்றோர்க்குக் கூலி கொடுத்துக் காக்கும் பொருட்டே இதனைக் கட்டுவித்தார் என்பது அவ்வூர் வழக்கு. மற்றுமொரு செய்தியும் சொல்லுவர். மேலே ஏற்றிய கற்களை மன்றோவே மீண்டும் கீழே உருட்டிவிடச் செய்வாராம். கூலியாட்கள் அவற்றை மறுபடியும் ஏற்றுவர், வேலை நாள் கூடும், கூலியும் கூடும்.

இக்கதை மெய்யாயினும் ஆகுக, புனைவாயினும் ஆகுக. இதனை ஈகை என்று போற்றுவாரும் உளர். ஏழையை இழிவு செய்தல் என்று தூற்றுவாரும் உளர். நம் நாட்டிலும் தாது ஆண்டுப் பஞ்சத்தில், 1877, 1878ஆம் ஆண்டுகளில், எலும்புந் தோலுமான மக்கள் பக்கிங்ஹாம் கால்வாயை வெட்டிக் கூலி பெற்றனர். ஆயினும் அங்கே வெட்டியது கால்வாய்; படகேனும் ஓடிற்று. குன்றின்மேற் கட்டியது வாயில். அதனாற் குடிகட்கு ஒரு மரக்கால் தானியமும் விளையவில்லை. எமக்கோ வேறொரு வினா எழுகின்றது. கல் சுமக்கும் கூலிக்கு அம்மக்கள் ஏன் காத்து நின்றனர்? நிலமும் மாடும் உடையவன் அல்லவா குடியானவன்? அவற்றிற்கு யாது நேர்ந்தது? இதற்கு விடை ஆடுகளிடத்து உள்ளது.

ஆடுகளின் ஆண்டு

தென்னாட்டிலிருந்து பெரிய சாதிச் செம்மறியாடுகள் அக்காலத்தில் வடக்கே வரத் தொடங்கின. கம்பளி விலை ஏறிற்று. நூறு குடிகள் சேர்ந்து இறுக்கும் குத்தகையினும் மிகுதியாக ஓர் ஆட்டுப் பண்ணையாளன் ஒருவனே இறுக்க முன்வந்தான். அவனுக்கு வேண்டியவர் இரண்டு மூன்று இடையரும் நாய்களுமே. மலைமேய்ச்சல் முழுவதும் அவன் கைக்குப் போயிற்று. மலை போகவே மாடு போயிற்று. மாடு போகவே வீடு போயிற்று. ராஸ் நாட்டில் பால்நகவுன் பண்ணை உடையவராகிய கப்பற்படைத் தலைவர் ஜான் லாக்கார்ட் ராஸ் என்பவரே இதற்கு முதன்முதல் வழி காட்டியவர். நோவார் உடையாரும் அவ்வழியிற் சென்றார். பைரிஷ் குன்றுக்கு அப்பால் கில்டர்மோரி என்னும் மலைநிலத்தை லாக்காபர் நாட்டிலிருந்து வந்த கேமரன் என்னும் உடன்பிறந்தார் இருவர்க்குக் குத்தகைக்கு விட்டார்.

அதனை அடுத்த பள்ளத்தாக்கு ஸ்ட்ராத்ரஸ்டேல். அவ்வூரார் மாடுகள் அம்மலையில் மேய்வது பழைய வழக்கம். மாட்டுக்கு ஓலைப்பத்திரம் தெரியுமோ? எல்லை மாறியது அறியாமல் அவை பழைய இடத்திற்கே சென்றன. கேமரன்கள் அவற்றைப் பிடித்துப் பவுண்டில் அடைத்து, மீட்புக்குப் பணம் கேட்டனர். 1792ஆம் ஆண்டுக் கோடையில் மறுபடியும் அவ்வாறு நிகழவே, ஊரார் திரண்டு சென்றனர். வாலஸ் என்னும் பெயருடைய வலிமிக்க ஒருவன் முன்னின்றான். துப்பாக்கியும் கத்தியும் ஏந்தி நின்ற கேமரனிடமிருந்து அவற்றைப் பறித்துவிட்டு, மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தனர். எவரையும் கொன்றிலர்.

அவ்வெற்றி அவருக்கு ஒரு துணிவைத் தந்தது. ஜூலைத் திங்கள் இறுதியில் ஸ்ட்ராத்ரஸ்டேலில் ஒரு திருமணம் நடந்தது. மணவீட்டிற் கூடியவர்கள் தம் துயரையே பேசினர். மாடு விட்ட இடத்தில் ஆடு நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதினும், நாடெங்கும் உள்ள ஆடுகள் அனைத்தையும் ஓட்டிச் சென்று ஆற்றுக்கு அப்பால் விட்டுவிடுவதே நன்று என ஒருமனப்பட்டனர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாயில்களில் இச்செய்தி அறிவிக்கப்பட்டது. பள்ளத்தாக்குதோறும் ஆட்கள் புறப்பட்டனர். ஆயிரக்கணக்கான ஆடுகள் திரண்டன. ஆறாயிரம் என்பர் ஒருசாரார். அவற்றை மெல்ல மெல்லத் தெற்கு நோக்கி ஓட்டி வந்தனர். வழியிற் பசியோடிருந்தும் ஓர் ஆட்டையேனும் அடித்து உண்டிலர் என்பது அவர்க்குப் பெரும்புகழ். ஆடு தம்முடையதன்று என்பதை அவர் அறிவர். நிலம் தம்முடையது என்பதே அவர் வழக்கு.

பிரான்சு நாட்டிற் புரட்சி கிளர்ந்திருந்த காலம் அது. ஆதலின் இடையர் செயலைக் கண்டு பிரபுக்கள் நடுங்கினர். ராஸ் நாட்டு ஷெரீப் படை வேண்டி எழுதினார். 42ஆம் படைப்பகுதியின் வீரர் வந்தனர். அப்படைப்பகுதி ஹைலாந்து மக்களையே கொண்டு அமைந்தது. 1745இல் பாண்டநாய் போரில் அதனை நடத்திச் சென்றவர் பவுலிஸ் கோட்டைத் தலைவராகிய சர் ராபர்ட் மன்றோ என்பது வரலாறு. தம் மண்ணில் தம் மொழி பேசும் படையே தம்மீது வருவதை அம்மக்கள் கண்டனர். ஆகஸ்டுத் திங்கள் முதல் வாரத்தில் ஓர் இரவு, ஷெரீபும் பிரபுக்களும் படையும் போத் என்னும் இடத்தை அடைந்தபோது ஆடுகள் நின்றன. ஆட்கள் பெரும்பாலோர் கலைந்துவிட்டனர். சிலர் பிடிபட்டனர். துப்பாக்கி வெடிக்காமலே அவ்வெழுச்சி அடங்கிற்று. அவ்வாண்டு இன்றும் கேலிக்கு மொழியில் 'ஆடுகளின் ஆண்டு' என்றே வழங்குகின்றது.

செப்டம்பரில் இன்வர்னஸில் விசாரணை நடந்தது. சிலர்க்குக் கடல் கடந்து ஏழாண்டு நாடு கடத்தல், சிலர்க்கு ஸ்காத்லாந்தினின்று விலக்கு, சிலர்க்குச் சிறை. குற்றவாளிக் கூண்டில் நின்றவருள் மன்றோ என்னும் குலப்பெயர் தாங்கியவரும் ஒருவர் இருந்தார். ஆனால் தண்டனை நிறைவேறுமுன் அவருட் சிலர் சிறையினின்று மறைந்துவிட்டனர், மீண்டும் அகப்பட்டிலர். கதவு தானே திறந்ததா, திறந்துவிட்டார் உளரா என்பதை ஊரார் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஊகித்துக்கொள்ளலாம்.

அதே 1792ஆம் ஆண்டு டிசம்பரில், வங்காளத்துச் சாகர் தீவில் ஹெக்டர் மன்றோவின் இளமைந்தர் ஒருவரைப் புலி அடித்துக் கொன்றது. திப்பு சுல்தான் செய்வித்ததும், ஸ்ரீரங்கப்பட்டினத்தினின்று 1799இற் கொண்டுபோகப்பட்டு இலண்டன் அருங்காட்சியகத்தில் இருப்பதும் ஆகிய மரப்புலிப் பொறியை இம்மரணத்தோடு தொடர்புபடுத்துவார் பலர். இதனை ஊழ்வினை என்று உரைப்பாரும் உளர். யாம் அவ்வாறு உரைக்க ஒருப்படோம். மகனை இழந்த தந்தையின் துயர் எங்கும் துயரே. தந்தை செய்த வினைக்கு மைந்தனைப் பொறுப்பாக்குதல் அறமன்று. ஹெக்டர் மன்றோ 1805இல் நோவாரில் இறந்தார். வாயில் குன்றின்மேல் நின்றது. ஆடுகள் குன்றின்கீழ் மேய்ந்தன.

புதூர் எழுந்த வரலாறு

இனி எவன்டன் ஊருக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பால்கனி நிலத்தை வாங்கிய அலெக்சாண்டர் பிரேசர் என்பவர், திட்டமிட்ட ஊர் ஒன்றை அமைத்துத் தம் மைந்தர் எவன் என்பவரது பெயரால் அதனை வழங்கினார். நேர்த்தெருவும் அளந்த மனைகளும் உடைய ஊர் அது. மலைப்பள்ளத்தாக்குகள் ஆட்டுப் பண்ணைகளாக மாறிய அக்காலத்தில் இத்தகைய புதூர்கள் பல ஹைலாந்தெங்கும் தோன்றின. உழுதவன் தச்சனானான், கொத்தனானான், கூலியானான். கப்பலேறிக் கனடாவுக்குச் சென்றவரும் எண்ணிறந்தோர். 1845இல் அதே ராஸ் நாட்டில் கிளென்கால்வி என்னும் பள்ளத்தாக்கினின்று வெளியேற்றப்பட்டவர்கள் குரோயிக் கோயிற் கல்லறை வெளியில் தங்கி, கோயிற் சன்னற் கண்ணாடியில் தம் துயரைக் கீறிவைத்தனர். அக்கீறல்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. குன்றின்மேல் எழுந்த வாயிலும் ஒரு கல்வெட்டு. கண்ணாடிக் கீறலும் ஒரு கல்வெட்டு. இரண்டையும் சேர்த்துப் படித்தாலன்றி வரலாறு நிரம்பாது.

1886இல் ஒரு சட்டம் பிறந்தது. அதனாற் சிறுகுடியானவர்க்கு நிலத்தினின்று வெளியேற்றப்படாத பாதுகாப்பும் நியாயமான குத்தகையும் கிடைத்தன. ஸ்ட்ராத்ரஸ்டேலார் ஆடு ஓட்டியதற்குத் தொண்ணூற்று நான்கு ஆண்டு கழித்து, 'தூகஸ்' என்ற எழுதப்படாத உரிமையின் ஒரு கூறு ஏட்டில் ஏறிற்று. எவன்டன் ஊரார் தம் ஊரை அடுத்த காட்டினை 2012ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கித் தம் பொதுவுடைமையாக்கிக்கொண்டனர். இன்று பிள்ளைகள் அங்கே மரம் நடுகின்றனர்; முதியோர் உலாவுகின்றனர்.

நாம் கொள்ளத்தக்கது

அன்பர்காள், இவ்வரலாற்றை யாம் எழுதியது அயல்நாட்டுப் புதுமையைக் காட்டுதற்கன்று. நாம் ஒரு குலத்தின் பெயராற் கூடியவர்கள். 'நம்மவர்' என்னும் சொல்லை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லுகின்றோம். கிளான் என்ற சொல்லும் அத்தகையதே; பிள்ளைகள் என்று பொருள்பட்டது. போர் வந்தபோது பிள்ளைகள் வேண்டியிருந்தனர். கம்பளி விலை ஏறியபோது பிள்ளைகள் வேண்டாதவராயினர். குலம் என்பது செல்வர்க்குப் புகழும் வறியவர்க்குக் கடமையுமாக நின்றால், அது விலை வந்தபோது விற்கப்படும். சங்கம் வைத்திருப்போர் இதனை மறத்தலாகாது.

இன்னும் ஒன்று கூறுதல் வேண்டும். அது எம்மைப் பற்றியது. சில ஆண்டுகட்கு முன் இவ்விதழில் எம் ஊர்ப் பெரியவர் ஒருவரது அறத்தைப் பாராட்டி எழுதியிருந்தோம். அவர் கட்டிய சத்திரத்தையும் தண்ணீர்ப் பந்தலையும் விரித்துரைத்தோம். அச்சத்திரம் நிற்கும் நிலம் நம்மவரிலேயே ஒரு கைம்பெண்ணின் காணி என்றும், சிறு கடனுக்கு அடகு வைத்து மீட்க முடியாமற் போயிற்று என்றும் எம் பாட்டியார் கூறக் கேட்டிருந்தோம். கேட்டிருந்தும் எழுதினோமல்லோம். குலப்பெருமைக்குக் குறை வருமென்று அஞ்சினோம். குன்றின்மேல் வாயிலை மட்டும் காட்டி, குன்றின்கீழ் நின்றவரை மறைத்தோம். சத்திரமும் மெய், அறமும் மெய், அக்கைம்பெண்ணின் கண்ணீரும் மெய். அடுத்த இதழில் அதனை முழுதும் எழுதுவோம். அவ்வம்மையாரின் வழியினர் எங்கேனும் இருப்பின், இவ்விதழ் அவர் கையிற் சேர்வதாக.

மைந்தரின் வினாவுக்கு எம் விடை இது: "தம்பி, அது நம் நாகப்பட்டினமேதான். அவ்வாயில் இங்கே இல்லை, உன்னிடத்தில்தான் உள்ளது. அதன் கீழ் நின்று கடலைப் பார்க்கும்போது நாகையை நினைத்துக்கொள். பின் வடபுறம் திரும்பி ஸ்ட்ராத்ரஸ்டேலையும் ஒருமுறை பார்."

ஒவ்வோர் ஊரிலும் ஒரு வாயில் உண்டு. அதன் பின்னே ஒரு பள்ளத்தாக்கும் உண்டு. அன்பர்கள் தத்தம் ஊர்ப் பாட்டிமாரைக் கேட்டு எழுதி அனுப்புக. அவர் உள்ளபோதே கேட்டு எழுதுக.